சனிக்கிழமையில் கார் ஏறிய அன்ரி

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. லண்டனில் ஆர்ச்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மேட்டுத் தெருவை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இரண்டு குளிர்காலம்கூட ஆகவில்லை. அவர் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை, நான் ஒரு துணிக் கடையில். எங்களைப் போன்றவர்கள் சொந்தமாகப் போன் வைக்க முடியாத காலம். முன்கதவுக்குப் பக்கத்தில், காசு போட்டுப் பேசுகிற போன் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் குடியிருந்த எல்லோருக்கும் அதுதான்.

கீழ்வீட்டில் ஒரு யூதப் பெண்மணி தனியாக இருந்தார். வயது எழுபதை நெருங்கும். கணவர் இறந்து பல காலம். பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர் அன்ரி. அவருக்கு நான் பிள்ளை. அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், அதுவும் ஜெர்மன் இழுவையோடு. ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் சொன்னவை எனக்கு எங்கள் ஊர்த் தமிழிலேயே நினைவு வருகின்றன. அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

நாங்கள் குடிவந்த புதிது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மேட்டில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நாலு வடை சுட்டு அன்ரிக்குக் கொடுக்கலாம் என்று கீழே இறங்கினேன். அடுக்களைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. லைட் எரிகிறது. காஸ் அடுப்பின் மேல் ஒரு தகரத் தட்டு, அதன் கீழே சின்னதாய் நெருப்பு, தட்டின் மேல் ஒரு சட்டி. அன்ரி முன்னறையில் கதிரையில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஐயோ, வயசான மனுசி மறந்துபோய்ப் படுத்துவிட்டாவே, வீடு பற்றிக்கொண்டால் என்ன ஆகும்! மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று வளர்ந்த கை இது, சும்மா இருக்குமா? அடுப்பை அணைத்தேன், லைட்டையும் அணைத்தேன். மேசையில் இரண்டு மெழுகுதிரி எரிந்தது. அது சாமிக்கு என்று விளங்கியதால் அதை மட்டும் தொடவில்லை. வடையை வைத்துவிட்டு, பெரிய புண்ணியம் செய்தவள் மாதிரி மேலே வந்து படுத்தேன்.

மறுநாள் அன்ரியைக் கண்டபோது, "அடுக்களை நல்ல இருட்டா இருக்கு, என்ன?" என்றார்.

"ஓம் அன்ரி, இந்த ஊர்க் குளிர்காலம் அப்பிடித்தானே" என்றேன்.

"என்ர சூப்பும் நல்லாக் குளிர்ந்துபோச்சு."

"அப்ப சுடவைச்சுக் குடியுங்கோவன்!"

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த மனுசிக்கு என்ன வந்தது என்று நானும் மேலே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் விஷயத்தைச் சொன்னார். வெள்ளி மாலை பொழுது படுவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். நெருப்பு மூட்டக் கூடாது, அணைக்கக் கூடாது, சுவிட்ச் தொடக் கூடாது, எழுதக் கூடாது, காசு தொடக் கூடாது, வாகனத்தில் ஏறக் கூடாது. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமையே லைட்டையும் அடுப்பையும் எரியவிட்டு வைப்பாராம். நான் அணைத்துவிட்டதால் பாவம் அந்த மனுசி சனிக்கிழமை முழுக்கக் குளிர்ந்த சூப்பும் இருட்டு அடுக்களையுமாக இருந்திருக்கிறார். 'லைட்டைப் போடு' என்று என்னிடம் வாய்விட்டுக் கேட்கவும் கூடாதாம். நானாக விளங்கிக்கொண்டு செய்தால் சரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுடவைச்சுக் குடியுங்கோவன் எண்டு சொன்னாய் பார்!" என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு நான் அதில் கெட்டிக்காரியாகிவிட்டேன். 'இண்டைக்குக் குளிர் கூட' என்றால் ஹீட்டரைப் போடுவேன். அவர் அந்த நாளை எவ்வளவு இறுக்கமாகக் காத்தார் என்பதையும் பார்த்தேன். சனிக்கிழமையில் போன் அடித்தால், அது தனக்குத்தான் என்று தெரிந்தாலும், அடித்து ஓயும்வரை பேசாமல் இருப்பார். முழங்கால் வீங்கியிருக்கும், ஆனாலும் தங்கள் யூதத் தேவாலயத்துக்கு நடந்தேதான் போவார். தெருவில் எதையும் சுமக்கக் கூடாதாம், அதனால் கைப்பையும் கொண்டுபோக மாட்டார். வீட்டுச் சாவியைக்கூட ஒரு அலங்கார ஊசி மாதிரிச் செய்து உடுப்பில் குத்திக்கொண்டு போவார். விரதம் விரதம் என்று நாங்கள் பிடிப்பதெல்லாம் அவருக்கு முன்னால் என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி லண்டன் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். ஊரில் இராணுவ முகாமில் பிடித்து வைத்திருந்து விடப்பட்டவன். முதுகில் தழும்பு இருந்தது. அடைக்கலம் கேட்டான். விசாரித்தவர்கள் நம்பவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இடத்தில் அடைத்து வைத்தார்கள். நானும் என் கணவரும் போய்ப் பார்ப்போம். ஒரு வக்கீலும் பிடித்திருந்தோம். அவனைத் திருப்பி அனுப்பினால் கொழும்புக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவுடனே யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவனோடு முகாமில் இருந்த ஒருவனைப் பற்றி, இன்றுவரை அவன் வீட்டாருக்கு ஒரு சேதியும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை. போன் அடித்தது. என் கணவர் ஓடிப்போய் எடுத்து என்னைக் கூப்பிட்டார். தம்பிதான்.

"அக்கா, இண்டைக்கு மத்தியானம் பிளேனில ஏத்தப் போகினமாம்" என்றான். குரல் செத்துப்போய் இருந்தது. "அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ" என்றான். அத்தோடு லைன் போய்விட்டது.

வக்கீலின் ஆபீசுக்கு அடித்தோம். சனிக்கிழமை யார் இருப்பார்கள்? அடித்துக்கொண்டே இருந்தது. கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் இருந்த என் கணவரின் கூட்டாளி ஒருவருக்கு வேறொரு வக்கீலைத் தெரியும். அவருக்கு அடியுங்கோ என்றேன். என் கணவர் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு ரிசீவரைத் திரும்ப வைத்தார்.

"இஞ்சாரும், இப்ப ராகு காலம். முடியட்டும், அதுக்குப் பிறகு எடுப்பம். இந்த நேரத்தில தொடங்கினா ஒண்டும் சரிவராது."

அவர் நல்ல மனிதர். தம்பியில் என்னைவிடப் பாசம். ஆனால் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் பல்லும் தீட்ட மாட்டார். சாதாரண நாளில் நானும் சேர்ந்து பார்ப்பவள்தான். அன்றைக்கு எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "பிளேன்காரன் உங்கட ராகு காலத்தைப் பார்த்துக்கொண்டு நிப்பானே? என்ர தம்பியைக் கொல்லக் குடுத்திட்டுப் பிறகு நல்ல நேரம் பாருங்கோ!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே படிக்கட்டில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டேன்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அன்ரி சாம்பல் நிறத் தொப்பி, நல்ல கோட்டு, உடுப்பில் சாவி ஊசி என்று தேவாலயத்துக்கு வெளிக்கிட்டபடி நின்றார். "என்ன பிள்ளை?" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விக்கி விக்கிச் சொன்னேன். தம்பியின் கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். "எப்ப பிளேன்?" என்று மட்டும் கேட்டார். மத்தியானம் என்றேன்.

அவர் நேரே போனுக்குப் போனார். "சில்லறை தா" என்று கையை நீட்டினார்.

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமையில் சுவிட்சுக்குப் பக்கத்தில்கூடப் போகாத மனுசி, என் கணவரிடம் காசை வாங்கி, தன் கையால் போட்டு, தன் விரலால் நம்பர் சுற்றினார். அது ஒரு எம்.பி.யின் வீட்டு நம்பர். கொஞ்சம் தள்ளி இன்னொரு தொகுதிக்கு எம்.பி.யாக இருந்த பெண்மணி. சட்டம் படித்த காலத்தில் இதே வீட்டில், நாங்கள் இருந்த அதே மேல்மாடியில் குடியிருந்தவராம். அப்போது பசித்த நேரமெல்லாம் அன்ரியின் சூப்தானாம். ஒரு எம்.பி. குறுக்கிட்டுப் பேசினால், அரசாங்கம் திரும்பப் பார்க்கும்வரை ஆளை அனுப்பாமல் நிறுத்தி வைப்பார்கள் என்பது அன்ரிக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது.

அவர் வீட்டில் இல்லை. தொகுதி மக்களைச் சந்திக்க ஒரு மண்டபத்துக்குப் போயிருக்கிறாராம், அங்கே போன் எடுக்க ஆள் இல்லை என்று அந்த வீட்டில் போனை எடுத்தவர் சொன்னார். அன்ரி ரிசீவரை வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"உன்ர கார் இண்டைக்கு ஸ்டார்ட் ஆகுமா?"

அந்தக் கார் ஒரு சனியன். மூன்று நாளைக்கு ஒரு முறை தள்ளித்தான் ஓட வேண்டும். ராகு காலமோ என்னவோ, அன்றைக்கு முதல் திருப்பிலேயே கிளம்பியது. அன்ரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார். கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொன்னார். எங்களால் இந்த மனுசிக்குப் பாவம் சேருகிறதோ என்று பயந்தேன்.

"அன்ரி, இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ?" என்றேன்.

அவர் திரும்பாமலே சொன்னார்: "உயிர் போற விஷயத்தில சனிக்கிழமையைப் பார்த்துக்கொண்டு இருந்தா அதுதான் பாவம். இது நான் சட்டத்தை மீறுறது எண்டு நினைக்காதை. எங்கட சட்டமே இதுதான்."

என் கணவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரின் காது சிவந்ததைப் பின் சீட்டிலிருந்து பார்த்தேன்.

மண்டபத்தில் நீள வரிசை. வீட்டில் ஈரம் கசிகிறது, கவுன்சில் ஓட்டை அடைக்கவில்லை என்று ஆட்கள் காத்திருந்தார்கள். லண்டனில் வரிசையைத் தாண்டிப் போவதென்றால் கொலைக் குற்றம். அன்ரி வரிசைக்கு முன்னால் போய், எல்லோரையும் பார்த்து நின்றார். "ஒரு மனுசனை இண்டைக்கு மத்தியானம் சாக அனுப்பப் போகினம். உங்களில ஆருக்கு எனக்கு முன்னால போக வேணும்?" என்று கேட்டார். கையில் ஏதோ புகார்க் கடுதாசியோடு முதல் ஆளாக நின்ற தடித்த வெள்ளைக்காரர் ஒருவர், தானே கதவைத் திறந்து பிடித்தார்.

அந்த எம்.பி. அன்ரியைக் கண்டதும் கதிரையிலிருந்து எழுந்தேவிட்டார். அவரைச் சனிக்கிழமையில் வீட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில் கண்டதே போதும், விஷயம் எப்பேர்ப்பட்டது என்று விளங்கிவிட்டது. தம்பியின் பேர், பிறந்த தேதி, விமானம் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லி ஒரு பேனாவை அன்ரியிடம் நீட்டினார். அன்ரி வாங்கவில்லை.

"பிள்ளை எழுதுவா. ஆள் இருக்கேக்க நான் எழுதத் தேவையில்லை" என்றார்.

நான் எழுதினேன். போனில் பேசவும், காசைத் தொடவும், காரில் ஏறவும் துணிந்த மனுசி, தேவையில்லாத ஒன்றை மட்டும் செய்யவில்லை. எவ்வளவு மீற வேண்டுமோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. அந்தக் கணக்கு எனக்கு இன்றும் அதிசயம்.

எம்.பி. பக்கத்து அலுவலகத்துக்குப் போய்ப் போனில் பேசினார். நாங்கள் வெளியே நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு என் கணவரைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்ரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் கல்லு மாதிரி நின்றவர், இப்போது உடுப்பில் குத்தியிருந்த சாவி ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கதவு திறந்தது. "நிறுத்திவிட்டார்கள். இன்று அனுப்ப மாட்டார்கள்" என்றார் எம்.பி.

நான் அன்ரியைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதேன். அவர் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து என் கணவர் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தார். அன்ரி ஏறவில்லை.

"இனி எனக்குக் கார் வேண்டாம். அலுவல் முடிஞ்சுது. உயிர் தப்பிச்சுது. இப்ப திரும்பவும் சனிக்கிழமைதான்" என்றார். நடக்கத் தொடங்கிவிட்டார்.

"அன்ரி, உங்கட முழங்கால்! அவ்வளவு தூரம் ஏலாது!" என்று கத்தினேன். அவர் கேட்டால்தானே! நானும் கூட நடந்தேன். மழை தூறத் தொடங்கியது. குடை பிடிப்பதும் அன்றைக்கு ஆகாது. அவர் நனையும்போது நான் மட்டும் குடை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டு நடந்தோம். எங்களுக்குப் பின்னால் என் கணவர் லைட்டை மின்னவிட்டபடி காரை ஆமை மாதிரி உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டினான். கலியாண ஊர்வலம் மாதிரி இருந்தது. அழுத கண்ணோடு எனக்குச் சிரிப்பும் வந்தது.

அந்த நடையில்தான் அவர் தன் கதையைச் சொன்னார். அதுவரை சொன்னதில்லை.

அவருடைய ஊர் வியன்னா. தகப்பன் டாக்டர். நாஜிகள் வந்ததும் யூதர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றார்கள். பிறகு ஒரு நாள் அவரைத் தெருவுக்கு இழுத்துவந்து, முழங்காலிட்டு நடைபாதையைத் தேய்த்துக் கழுவ வைத்தார்கள். அவரிடம் மருந்து வாங்கிய அயலவர்கள் சுற்றி நின்று சிரித்தார்களாம். எந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போனாலும் வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை. ஒரு நாடும் கதவைத் திறக்கவில்லை. இங்கிலாந்தில் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்பதால் இவருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. டாக்டரின் மகள் லண்டனில் தட்டுக் கழுவினார்.

அன்ரிக்கும் தம்பி ஒருவன் இருந்தான். இங்கே யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் அவனை எடுக்கலாம். வேலை ஓய்ந்த பொழுதெல்லாம் இந்த மேட்டில் இருக்கிற பெரிய வீடுகளின் கதவைத் தட்டினாராம், முன்பின் தெரியாத ஆட்களிடம். கதவை மூடியவர்கள்தான் பலர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். கட்டாயம் செய்கிறேன் என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் தான் கையெழுத்துப் போடுவதில்லை, நாளைக்குக் கடற்கரை ஊருக்கு விடுமுறையில் போகிறேன், திரும்பி வந்ததும் முதல் வேலை இதுதான் என்றார்.

"வந்தவர். சொன்னபடி கையெழுத்தும் போட்டவர்" என்றார் அன்ரி. "எல்லாம் சரியாகி அனுமதி வந்து சேர்ந்த கிழமைதான் யுத்தம் தொடங்கினது. ரயில் நிண்டுபோச்சு."

பிறகு தாய், தகப்பன், தம்பி ஒருவரைப் பற்றியும் நல்ல சேதி வரவில்லை. போலந்துப் பக்கம் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் யுத்தம் முடிந்த பிறகு தெரிந்ததாம்.

மேடு ஏறும்போது அன்ரி ஒரு பெரிய வீட்டின் கறுப்புக் கேற்றுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றார். நாடியை உயர்த்தி அந்த வீட்டைக் காட்டினார். "இந்த வீடுதான். அந்த மனுசன் கெட்டவர் இல்லைப் பிள்ளை. அவரை ஒருநாளும் நான் திட்டினதில்லை. நல்ல மனுசன்தான். ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு எண்டு நினைச்சவர்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த வாசலைத் தாண்டித்தான் அவர் தொழப் போயிருக்கிறார். "இதுக்காகத்தான் இந்த இடத்தை விட்டுப் போகாமல் இருக்கிறீங்களோ அன்ரி?" என்று கேட்டேன்.

"சீ, இல்லை. வாடகை குறைவு" என்றார். மழையில் அவரின் தொப்பி தொங்கிப்போய்க் காதை மூடியிருந்தது.

தம்பி சில மாதங்களில் வெளியே வந்தான். இருக்க அனுமதியும் கிடைத்தது. வந்த அன்றே கீழ்வீட்டுக்குப் போனான். அவர்களின் உணவு விதிப்படி எங்கள் சட்டியில் சமைத்ததை அன்ரி சாப்பிட மாட்டார் என்று நான் சொல்லி வைத்ததால் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுபோனான். அன்ரி அவனைப் பிடித்து உட்கார்த்தி, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெட்டித் தாறன், தின்" என்று அவன் கொண்டுவந்த பழத்தையே அவனுக்கு வெட்டிக் கொடுத்தார். அவன் தின்று முடியும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அன்ரி காலமானபோது தோள் கொடுத்தவர்களில் தம்பியும் ஒருவன்.

அதற்கு அடுத்த வருடம் என்று நினைக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் தெற்கு லண்டனில் நோர்பரியிலிருந்து தெரியாத ஒரு குடும்பம் போன் எடுத்து அழுதது. அவர்களின் மருமகனை அன்றைக்கே அனுப்பப் போகிறார்களாம். பேசிக்கொண்டே, பழக்கதோஷத்தில் என் கண் சுவரில் தொங்கிய நாட்காட்டிக்குப் போனது. ராகு காலம். திரும்பிப் பார்த்தால் என் பஞ்சாங்கக்காரரைக் காணவில்லை. தெருவில் கார் இரைகிற சத்தம் கேட்டது. "நீர் வாறீரோ, நான் தனியப் போகவோ?" என்று அங்கிருந்து கத்தினார்.

இப்போதும் யாராவது உதவி என்று வந்து நிற்கும்போது, 'பிறகு பார்ப்பம்' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வரும். அப்போதெல்லாம் மழையில் நனைந்து தொங்கிய அந்தச் சாம்பல் தொப்பி கண்ணுக்குள் வந்து நிற்கும், நான் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவேன்.